குளிர் கேட்ட பைன், இருட்டு கேட்ட கள்ளி

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போன நாளிலிருந்தே அவருக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் பேச்சு. மனைவி அதையும் திருத்துவாள். "சக்கரமெல்லாம் இல்ல. இடுப்புல கயிறு கட்டியிருக்கு. எங்கேயோ எவனோ ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், இங்கே மனுஷன் எழுந்திருச்சிடுவாரு."

பொய்யில்லை. சாப்பாட்டைச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே முடித்துக்கொள்வார். வீட்டு விஷயங்களைப் பூட்ஸ் நாடா கட்டிக்கொண்டே கேட்பார். நாடா கட்டி முடிந்ததும் விஷயமும் முடிந்துவிடும். மகளின் பள்ளிக்கூட நாட்களில், "அப்பா உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வரைஞ்சு காட்டு பாப்போம்" என்று மனைவி சீண்டுவாள். மகள் நாற்காலியை மட்டும் வரைந்து வைப்பாள்.

கோடை முடியும் தறுவாயில் அந்த மனைவி இறந்துபோனாள். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்குச் சட்டம் பொருத்துகிற வேலை அவளுக்கு. யாரோ ஒருவருடைய காதோரத்தில் புதுச் சட்டத்தைச் சரிசெய்து, "உறுத்துதா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் சரிந்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளினார். அலமாரியைத் திருப்பினார். மேசை விளக்கு ஊர்கோலம் போல அறை அறையாகச் சுற்றி வந்தது. மேல்மாடியில் குடியிருந்த மனைவியின் தங்கை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். அக்கா இல்லாத வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"நேத்து இங்கே ஒரு நாற்காலி இருந்துச்சே அத்தான், எங்கே? அதுவும் உங்களோட சேர்ந்து கெட்டுப்போயிடுச்சா?"

"வெளிச்சம் வரட்டுமேன்னு நகர்த்தினேன்."

"நாற்காலிக்கு எதுக்கு வெளிச்சம்? படிக்குதா?"

அவர் நாற்காலியை இன்னொரு தடவை நகர்த்துவார். 'அவ போன பிறகு' என்பார், 'அன்னைக்கு' என்பார். செத்துப்போனாள் என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டில் இரண்டு தொட்டிகள் இருந்தன. முதலில் அவற்றில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.

பால்கனியில் இருந்தது மனைவியின் பைன் மரம். மரம் என்று சொன்னால் சிரிப்பு வரும், முழங்காலைத் தாண்டாது. மகள் பிறந்த வருஷம், தன் தாய்வீட்டு மலைச்சரிவிலிருந்து அவள் கொண்டுவந்தது. மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். மரம் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் பருத்தது. முதல் முறை பார்த்தபோது அவர், "இது என்ன, துவைச்சதுல சுருங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"அங்கே மேல அடிக்கிற காத்துக்கு நெட்டையா நின்னா முறிஞ்சிடும். அதான் குனிஞ்சே வளருது. அதுக்கு மூளை இருக்கு" என்றாள் அவள், அவருடைய உயரத்தை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு.

ஊசி இலைகள் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்து, தொட்டால் குத்தும். வசந்தம் தொடங்கியதும் கிளை நுனிகளில் மெழுகுவத்தி போல வெளிர் தளிர்கள் நிமிரும். அவை விரிவதற்குள் ஒவ்வொன்றையும் அவள் பாதியில் கிள்ளிவிடுவாள். கத்தரிக்கோல் பட்டால் இலை நுனி கருகிவிடும் என்று கைவிரலாலேயே கிள்ளுவாள். கிள்ளிய இடத்தில் அப்புறம் சின்னச் சின்ன மொட்டுகள் கூடிக்கொண்டு உட்காரும். மறு வசந்தத்தின் தளிர் அதிலிருந்துதான் வரும். போன வசந்தத்திலும் கிள்ளினாள். அந்த மொட்டுகள் இப்போது மரத்தில் இருந்தன.

அறைக்குள் இருந்தது அவருடைய கள்ளி. ஒரு குளிர்காலத்தில், பழுது பார்க்கப் போன கட்டடத்தின் கீழ்த்தளப் பூக்கடையில் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாங்கி வந்தது. தட்டையான பச்சைத் துண்டுகள் ஒன்றின் நுனியில் ஒன்றாக, நண்டுக் கால் போலக் கோத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் வழியும்.

"கள்ளின்னு சொன்னீங்க, முள்ளைக் காணோம்?"

"இல்லாத வரைக்கும் நல்லதுதானே?"

"உங்களை மாதிரிதான். பார்க்கிறவங்க பயப்படுவாங்க, கிட்ட வந்தா ஒண்ணுமில்ல."

பாலைவனத்துக் கள்ளி இல்லை அது. வெப்பமான மழைக்காடுகளில், பெரிய மரங்களின் கிளைக் கவட்டில், பாசிக்குள் வேரை விட்டு, பனிமூட்டத்தைக் குடித்து வளர்கிற இனம். பைனும் மலையில் பிறந்தது, அதுவும் மலையில் பிறந்தது. ஆனால் ஒன்றின் மலையில் மற்றொன்று ஒரு வாரம் தாங்காது. ஒன்றுக்கு வெறும் கல்லும் வெயிலும் உறைபனியும் வேண்டும். மற்றதற்கு நிழலும் ஈரமும் கதகதப்பும். இரண்டுக்கும் நடுவே ஒரு பால்கனிக் கதவு. அதைத் திறப்பதா மூடுவதா என்பதே அந்த வீட்டில் தீராத வழக்கு. மலையில் பிறந்த அவள் திறப்பாள். கடலோரத்தில் வளர்ந்த அவர் மூடுவார்.

"திறந்து போட்டா என் கள்ளி செத்துடும்டி."

"மூடி வெச்சா நான் செத்துடுவேன்."

இலையுதிர் காலம் வந்ததும் அவள் அந்தக் கள்ளியைத் தூக்கிக் கொண்டுபோய், வீட்டுக்கு வெளியே மாடிப்படி திரும்புகிற இடத்தில், சன்னலோரம் வைத்துவிடுவாள். தன் செடியென்பதால்தான் துரத்துகிறாள் என்று அவருக்கு உள்ளூரக் குறை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அது அங்கேயே மொட்டுக் கட்டும். வெளியே தள்ளினாலும் ரோஷத்தில் பூத்துவிடுகிறது என்று வேலைசெய்யும் இடத்தில் பெருமையடித்துக்கொள்வார்.

இந்த வருஷம் அதைத் தள்ளிவைக்க ஆளில்லை. இனிமேலாவது அது சொகுசாக இருக்கட்டும் என்று மேசை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த விளக்கை அவர் அணைப்பதே இல்லை. வேலை முடிந்து இருட்டு வீட்டுக்குள் நுழைவது அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் உறைபனி விழுந்த காலையில் பால்கனியைப் பார்த்தார். பைனின் ஒவ்வொரு ஊசியிலும் வெள்ளை படிந்திருந்தது. சின்ன உருவம், குனிந்த முதுகு, குளிரில் தனியாக. அவரால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து, தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துத் துண்டால் துடைத்துவிட்டார். அன்று வேலைக்குப் போகும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது.

மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, அம்மாவோட துணிமணி, சாமான் எதுவும் எனக்கு வேண்டாம். சித்திக்கே குடுத்துடுங்க. அந்த மரம் மட்டும் வேணும். இங்கே வீட்டுக்குப் பின்னாடி இடம் இருக்கு, குளிரும் இருக்கு."

"உனக்கில்லாமயா? எடுத்துட்டுப் போம்மா."

"குளிர் குறையட்டும், வர்றேன். தளிர் விடறதுக்குள்ள வந்துடணும். அம்மா கடைசியா கிள்ளின இடத்துலேர்ந்து வரப்போகுதுல்ல… அது விரியறதை நான் பார்க்கணும்பா."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். பேசிக்கொண்டே மரத்தைப் பார்த்தார். பச்சைப் பசேல் என்று இருந்தது.

குளிர்காலம் பாதி கழிந்த ஒரு நாள் மைத்துனி முதல்முறையாக உள்ளே வந்தாள். அவள் வேலைசெய்தது சலவைக் கடையில். அவருடைய சட்டைக் காலரை வாசலில் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, அழுக்குத் துணியை வாரிக்கொண்டு போக நுழைந்தவள் ஹீட்டர் மூலையில் நின்றுவிட்டாள்.

"அத்தான்! இதை யாரு உள்ள கொண்டு வந்தது?"

"நான்தான். பாவம், பனியில நின்னுச்சு."

"பனியில நிக்கறதுதான் அதுக்கு வேலையே! குளிர் இல்லாட்டி அது தூங்காது, தூங்காட்டி வசந்தத்துல எழுந்திருக்காதுன்னு அக்கா தலைபாடா அடிச்சுக்குவா. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"சொல்லியிருப்பா. நான் நாடா கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தொட்டியைத் தூக்கிவிட்டார். "அத்தான், ஒரு நிமிஷம், இப்படியே எடுத்ததும்…" என்று அவள் இழுப்பதற்குள் கதவு திறந்தது. அந்தக் குளிர்காலத்தின் கடுமையான நாளில், ஹீட்டர் சூட்டில் கிடந்த மரம் பால்கனிக்குப் போய்ச் சேர்ந்தது. தப்பைச் சரிசெய்கிற அவசரத்தில் அடுத்த தப்பையும் கையோடு செய்துவிட்டோமோ என்ற சந்தேகம் கதவை மூடிய பிறகுதான் அவருக்கு வந்தது. திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கதவோட என்ன சண்டை? விடுங்க." அவள் பார்வை கள்ளிமேல் போனது. "ஆமா, இது ஏன் இன்னும் பூக்கல?"

"வெளிய தள்ள ஆளில்லையே. ரோஷம் வரல."

"எது வரல?"

அவர் விளக்கிச் சொன்னார். அவள் கையிலிருந்த அழுக்குத் துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட என் அத்தானே! ரோஷம் இல்ல, இருட்டு! அதுக்கு நீளமான ராத்திரி வேணும். அப்பத்தான் மொட்டு வரும். அதுக்குத்தான் அக்கா படிக்கட்டுல வெச்சா. இங்கே ராத்திரின்னு ஒண்ணு வரவே இல்லையே, விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு!"

இத்தனை வருஷமாகத் தன் செடியை அவள் துரத்தவில்லை, தூங்கவைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. யாரிடம் போய்ச் சொல்வது? கள்ளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படித் திருப்பத்தில் வைத்தார். பிறகு ஏணி கொண்டுவந்து அங்கிருந்த விளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் கீழ்வீட்டுப் பாட்டு வாத்தியார், தடுக்கி விழுந்த முட்டியைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"இருட்டுல படி தெரியலீங்க!"

"எதுக்கு நடக்கறீங்க? லிஃப்ட் இருக்குல்ல, நானே பார்த்துக்கற லிஃப்ட்" என்று அவரை வழியனுப்பிவைத்தார்.

வேலையில் அவருக்குக் கூட்டாளி ஒருவன் இருந்தான். எல்லாரும் 'தூக்கம்' என்றே கூப்பிடுவார்கள். மொட்டைமாடி இயந்திர அறையில், மோட்டார் இரைச்சலுக்கு நடுவிலும் குறட்டை விடக்கூடியவன். எதற்கும் அசையாதவன் என்பதால் இவருடன் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

"மரம் பச்சையாத்தான் இருக்கு. அப்ப ஒண்ணும் ஆகலைன்னுதானே அர்த்தம்?" என்று அவனிடம் கேட்டார்.

தூக்கம் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "எங்க மாமா மரம் வெட்டற வேலைக்குப் போனவரு அண்ணே. பைன் மரத்தை வெட்டிச் சாய்ச்ச பிறகும் மாசக்கணக்குல பச்சையாவே கிடக்குமாம். செத்த விஷயம் அதுக்கே தெரியாது."

அவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. தூக்கம் அரைக்கண் திறந்தான்.

"நகத்தால பட்டையைக் கீறிப் பாருங்க. உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா இருந்தா இல்ல. இதுக்குப் போயி…" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவர் அந்த அறையில் நின்று வடங்கள் ஓடுவதைப் பார்த்தார். பிரேக் போனால் லிஃப்ட் கீழே விழும் என்றுதான் ஊரே நினைக்கிறது. காலியான கூண்டு கீழே விழாது. மறுபக்கத்து எடை கனம் என்பதால் மேலே பறக்கும். உள்ளே ஆளில்லாமல், எந்த மாடியிலும் நிற்காமல். அவருக்கு இந்த விஷயம் வேலைக்கு வந்த புதிதிலேயே தெரியும். அது எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் கீறத் தொடங்கினார். வேலைக்குப் போகுமுன் ஒரு கீறல், வந்ததும் ஒரு கீறல். உள்ளே தெரிந்தது பச்சையா, மஞ்சளா, பழுப்பா? காலை வெளிச்சத்தில் ஒரு மாதிரி இருக்கும். மாலையில் வேறு மாதிரி. இந்தக் கிளை சரியில்லை, அடுத்ததில் பார்ப்போம் என்று போவார். லிஃப்ட்டாக இருந்தால் பழுது வரும்போது ஏதாவது ஒரு சத்தம் போடும். பேரிங் தேய்ந்தால் முனகும், கதவு உருளை போனால் திக்கும். இந்த மரம் வாயே திறக்கவில்லை. பச்சையாக நின்றுகொண்டே இருந்தது.

குளிர் தளரத் தொடங்கிய நேரத்தில், படித் திருப்பத்தில், கள்ளியின் தட்டைத் துண்டுகளின் நுனியில் சிவப்பாக ஏதோ துளிர்த்திருப்பதைப் பார்த்தார். உடனே தொட்டியில் கை வைத்தார்.

"தொட்டீங்கன்னா கையை உடைச்சிடுவேன்!" மேல்படியிலிருந்து மைத்துனியின் குரல். "மொட்டு வந்த பிறகு இடம் மாத்தினா அத்தனையும் கொட்டிடும். அப்படியே விடுங்க. உங்களால ஒரு பொருளை ஒரே இடத்துல விட முடியுமா, முடியாதா?"

அவர் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று மாலை முழுவதும் அந்தப் படியில் ஏறி இறங்கி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை.

மகள் வந்தாள். பையை வைத்ததும் நேராகப் பால்கனிக்குப் போனாள். அவர் அறைக்குள் நின்று, எதையோ தேடுவதுபோல இழுப்பறைகளைத் திறந்து மூடினார். வெளியே தெருமரங்களெல்லாம் துளிர்விட்டிருந்தன.

"அப்பா, இங்கே வாங்களேன்."

போனார். அவள் குனிந்து கிளை நுனியில் இருந்த மொட்டுக் கொத்தைத் தொட்டாள். அவள் அம்மா கிள்ளிய இடம். அது விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும் உதிர்ந்தது. ஊசிகள் மட்டும் பச்சையாக இருந்தன. உற்றுப் பார்த்தால் கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை.

"இதென்னப்பா, மரம் பூரா கீறல்?"

"அது… உயிர் இருக்கான்னு…"

"சரி. இது பெரிய நகம், உங்களோடது." அவள் தொட்டியைத் திருப்பினாள். "இங்கே பின்னாடி சின்னச் சின்னதா இருக்கே, இது யாரோடது?"

பின்னால் மைத்துனி வந்து நின்றிருந்தாள். அவள் தன் கைகளை மெல்லத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சித்தி?"

"நீங்க வேலைக்குப் போனதும் வந்து பார்ப்பேன்" என்றாள் அவரிடம். "சாவி எங்கிட்டயும் இருக்குல்ல. நீங்க கீறினது தெரிஞ்சுச்சு. உங்க கண்ணுல படாத பக்கமா நானும் கீறினேன்."

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார் அவர்.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பிறாண்டியே…" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. போகவில்லை.

"செத்துடுச்சும்மா" என்றார். "குளிர்ல தனியா நிக்குதேன்னு உள்ள கொண்டு வந்தேன். அப்புறம் பதறிப்போய் வெளிய வெச்சேன். நான்தான் கொன்னுட்டேன். உனக்குன்னு நீ கேட்டது இது ஒண்ணுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கம்மா செத்துட்டா. அவ இருந்திருந்தா இதை உள்ள விட்டிருக்கவே மாட்டா."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள்.

"ஆனா பச்சையா இருக்கேப்பா."

"அதுக்கு இன்னும் விஷயம் தெரியாது."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த முட்கள் போன்ற ஊசிகளை உள்ளங்கையால் ஒரு முறை வருடிவிட்டாள். "நான் எடுத்துட்டுப் போறேன். ஊசியெல்லாம் பழுப்பாகற வரைக்கும் வெளியிலயே நிக்கட்டும், அம்மா வெச்ச மாதிரி."

"தூக்கிட்டுப் போய் என்னடி பண்ணப்போறே?" என்றாள் சித்தி.

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல சித்தி. அதுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன். இங்கே இருந்தா நீங்க ரெண்டு பேரும் ஏதாவது பண்ணுவீங்க."

மாலையில் டீ போட்டார்கள். கள்ளியை உள்ளே கொண்டுவர முடியாது. ஆகவே மூன்று பேரும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்கள். விளக்கில்லாத திருப்பத்தில், சன்னல் வழியாக வந்த மிச்ச வெளிச்சத்தில், இருப்பதிலேயே பெரிய மொட்டு ஒன்று அடுக்கடுக்காக அவிழ்ந்து இளஞ்சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள், சித்தி மேல்படியில். அவர் நடுவில் நின்றார்.

"இதுல ஒரு கிளை முறிச்சு மண்ணுல வெச்சா வந்துடும்ல?" என்று கேட்டாள் மகள்.

"ஒரு துண்டு போதும். திருகி எடுத்துக் காய வெச்சு நட்டா வேர் விட்டுடும்" என்றாள் சித்தி. "பைன் மாதிரி பிகு பண்ணாது."

"அப்ப இப்பவே ஒண்ணு…"

"இப்ப வேண்டாம்" என்றார் அவர். "பூத்து முடியட்டும். நானே எடுத்துத் தர்றேன். அது வரைக்கும் இரேன்."

இரு என்று அவர் யாரிடமும் சொல்லி மகள் கேட்டதில்லை. அவள் கோப்பையைக் கையில் சுற்றினாள். "லீவு சொல்லிப் பார்க்கறேன்" என்றாள்.

பக்கத்தில் லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்து, பாதி மூடி, திக்கி, மறுபடி திறந்து மூடியது. கீழ் உருளை. இடது பக்கம். பார்க்காமலே தெரிந்தது அவருக்கு. கால் கட்டைவிரல் பூட்ஸுக்குள் நெளிந்தது. மைத்துனியும் மகளும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

அவர் நகர்ந்து, தொட்டியை இடிக்காமல், படியில் உட்கார்ந்தார்.